கரண்ட் சிமிட்டினால் அணைந்துபோகும் ஹீட்டிங் பேட்

கரண்டில் சூடாகி ஒத்தடம் கொடுக்கும் என் ஹீட்டிங் பேட் ரிப்பேர் முடிந்து திரும்பி வந்துவிட்டது. கன்ட்ரோலருக்குள் ஒயர் நுழையும் இடத்தில் மடிந்து மடிந்து உள்ளே கம்பி அறுந்திருந்தது. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் போட்டுக் கொடுத்தார். கையோடு இன்னொன்றும் கேட்டேன்: கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி செய்ய முடியுமா? போர்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முடியாதுக்கா, பட்டனை அமுக்கினாத்தான் ஆகும்" என்றார்.

என் புகார் முழுவதும் இந்த ஒன்றுதான்.

எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா, உடம்பெல்லாம் நாள்பட வலிக்கும் நோய். அது வந்தவர்களுக்கு ஒத்தடத்தின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் நார்மல் என்றே வரும். கழுத்து, தோள்பட்டை, இடுப்பு, தொடை என்று வலி மட்டும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு மழை கொட்டும்போதுகூட அவ்வளவு இல்லை. கொட்டுவதற்கு முந்தைய மூட்டமும் கடல் பக்கத்து ஈரக்காற்றும்தான் மோசம். இதை மனப்பிரமை என்பவர்கள் உண்டு. 2019-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், நீண்டகால வலி உள்ள 2,600-க்கும் மேற்பட்டவர்கள் அன்றன்றைய வலியைக் கைப்பேசியில் பதிந்தார்கள். ஈரப்பதம் கூடி, காற்றழுத்தம் குறைந்து, காற்றும் பலமாக வீசும் நாட்களில் வலி சற்றுக் கூடுவது தெரியவந்தது. மூன்றும் சேர்ந்து வருவதுதான் நம் டெல்டாவின் ஐப்பசியும் கார்த்திகையும்.

கரண்ட் போவதும் அதே மாதங்களில்தான். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு புயல் வந்தால் எந்தக் கருவியையும் குறை சொல்ல முடியாது. நான் சொல்வது சாதாரண மழை ராத்திரியை. தென்னை மட்டை கம்பியில் உரசும், கரண்ட் ஒரு நொடி போய் வரும். மின்விசிறியின் சுற்றுகூட நிற்காது, பேட் மட்டும் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. அது மாறுகிற அந்த இமைப்பொழுதே போதும். தூங்குவதற்கு முன் வைக்கும் அரை மணி நேரத்துக்குள்ளேயே இப்படித் திரும்பத் திரும்ப நடக்கும். முதுகு சில்லிட்ட பிறகுதான் அணைந்ததே தெரியும். இருட்டில் கன்ட்ரோலரைத் துழாவ வேண்டும். பட்டன் மேடே இல்லாமல் வழவழவென்று இருக்கும். விறைத்த விரலால் அதை அழுத்திப் பிடித்து, சூட்டை மறுபடி ஒன்றிலிருந்து ஏற்ற வேண்டும்.

செய்தவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டை மெத்தையில் போட்டுவிட்டு வெளியே போனால், கரண்ட் வந்ததும் ஆளில்லாத வீட்டில் அது தானாகச் சூடேறுவது ஆபத்து. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நொடி போனதற்கும் ஒரு மணி நேரம் போனதற்கும் வித்தியாசம் இல்லையா? அது முடியாதென்றால், தடவினால் கைக்குத் தெரிகிற மாதிரி ஒரு பட்டனாவது வைத்திருக்கலாமே!

அந்தக் கோபத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தால், இது எனக்குச் செய்திருக்கும் உதவி கொஞ்சநஞ்சமல்ல. வெந்நீர்ப் பை ஒரு நேரத்தில் ஒரு இடத்தைத்தான் கவனிக்கும். இது தோளிலிருந்து இடுப்பு வரை ஒரே சமயத்தில் பிடிக்கும். காலையில் இருபது நிமிடம் வைத்தால்தான் கமலாலயக் குளக்கரைக்கு நடக்கக் கிளம்ப முடிகிறது. நடைதான் முக்கியம். ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் அமைப்பான யூலார், 2016-ல் திருத்திய பரிந்துரைகளில் இந்த நோய்க்கு அழுத்தமாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். மாத்திரைகள்கூட அதற்குப் பிறகுதான். பேட் நோயைக் குணப்படுத்தாது, என்னை எழுப்பி வாசல் வரை கொண்டுபோய் விடும். அதற்கே நன்றி சொல்வேன். ஒரே இடத்தில் நாள் கணக்கில் வைக்காதீர்கள், தோலில் வலை பின்னியது போலப் பழுப்புக் கோடுகள் விழும். சர்க்கரை நோயால் மரத்துப்போன கால் என்றால் டாக்டரைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

மன்னார்குடியில் இருக்கும் சித்தி மகளுக்கும் சமீபத்தில் இதே நோய் என்று சொல்லிவிட்டார்கள். "வாங்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். இவ்வளவு நல்லது தெரிந்தும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மாசியில் கேட்டிருந்தால் வாங்கு என்றிருப்பேன். இது கார்த்திகை, நேற்று ராத்திரிப் பட்ட பாடு இன்னும் ஆறவில்லை. இப்போதைக்கு வெந்நீர்ப் பையே வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றாதே, மூன்றில் இரண்டு பங்கு போதும், காற்றைப் பிதுக்கி எடுத்துவிட்டு மூடு, மேலே ஒரு துண்டைச் சுற்று. மூடியை மட்டும் மாப்பிள்ளை திருகி இறுக்கட்டும். வலிக்கிற கையால் திருகினால் சரியாக இறுகாது, கசியும்.