சீலியாக் நோய்: ரத்தப் பரிசோதனையா, பயாப்ஸியா?

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடுவதுதான் சீலியாக் நோய். அதைக் கண்டறிய, பெரியவர்களுக்கு ரத்தத்தில் தொடங்கி பயாப்ஸியில் (குடலிலிருந்து சிறு துண்டெடுத்துச் சோதிப்பது) முடிப்பதுதான் சரி என்பேன். ரத்தம் மட்டும் போதாது, பயாப்ஸி மட்டுமென்றாலும் ஏமாற்றும்.

ரத்தத்தில் முதலில் பார்ப்பது டிடிஜி-ஐஜிஏ, இந்த நோயில் கூடும் ஒரு ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்). ஐஜிஏ என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை. கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு உடம்பில் ஐஜிஏ-வே இருக்காது. குடல் எவ்வளவு கெட்டிருந்தாலும் டிடிஜி நெகட்டிவ் என்றுதான் வரும். அவர்களுக்கு ஐஜிஜி என்ற வேறு வகை ஆன்டிபாடியைத் தேடும் டிஜிபி-ஐஜிஜி பார்க்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பியில் முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியில் குறைந்தது நான்கு துண்டு, அதற்கு முந்தைய 'பல்ப்' பகுதியில் ஒன்றிரண்டு எடுக்க வேண்டும். பாதிப்பு திட்டுத்திட்டாக இருப்பதால், இரண்டு துண்டோடு நிறுத்தினால் தவறிவிடும். குடலுறிஞ்சிகள் (குடலின் உட்சுவரில் விரல்போல நீட்டியிருப்பவை) தேய்ந்திருப்பதை மட்டும் வைத்தும் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஜியார்டியா கிருமி, ஒல்மெசார்ட்டன் என்ற பிரஷர் மாத்திரை, நம் பக்கத்தில் டிராபிகல் ஸ்புரூ என்ற குடல்நோய் எல்லாமே அதே கோலத்தைக் காட்டும். ரத்த ரிப்போர்ட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இரண்டையும் கெடுப்பது ஒன்றுதான்: கோதுமையை நிறுத்திவிட்டுச் சோதனைக்குப் போவது. நிறுத்தினால் ஆன்டிபாடி இறங்கும், குடலும் மெல்லத் தேறும், ரிப்போர்ட் 'நார்மல்' என்று வரும். இட்லி, சோறு, கேழ்வரகு என்றே சாப்பிடும் வீடுகளில் நிறுத்தாமலேயே இந்தச் சிக்கல் உண்டு. 30 கிராம் ஆட்டாவில் சுட்ட சப்பாத்தியில் ஏறக்குறைய 3 கிராம் குளூட்டன் இருக்கும். தினம் இரண்டு வேளை ஒவ்வொன்றாக, ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள். ரவை உப்புமா, சேமியா, பரோட்டாவும் கணக்கில் சேரும். கூட்டுப்பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கலாம். அந்தச் சிட்டிகை இதற்குக் காணாது. பயாப்ஸி முடியும்வரை நிறுத்த வேண்டாம்.

குழந்தைகளுக்கு 2020 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி, டிடிஜி நார்மல் உச்ச வரம்பைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்தத்தில் ஈஎம்ஏ என்ற மற்றொரு ஆன்டிபாடியும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸியைத் தவிர்க்கலாம். பெரியவர்களுக்கும் இதைச் சில இடங்களில் ஏற்கிறார்கள். சோதனைக் கிட்டுக்குக் கிட்டு அளவுகோல் மாறுவதால் எனக்கு அதில் அரைமனதுதான்.

கோதுமை பக்கமே போக முடியாதவர்களுக்கு மிச்சமிருப்பது எச்எல்ஏ மரபணுச் சோதனை. சாப்பாட்டால் அது மாறாது. டிக்யூ2, டிக்யூ8 என்ற மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, நோயே இல்லாத ஏராளமானவர்களுக்கும் அவை உண்டு.