பேண்ட் ஸ்காலர்ஷிப்பா, மற்ற உதவியா? மணிக்கணக்கு போட்டுப் பார்த்தபோது

மகள் பள்ளியின் மார்ச்சிங் பேண்டில் (அணிவகுத்து நடந்தபடியே வாசிக்கும் இசைக்குழு) கிளாரினெட் வாசிக்கிறாள். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் அர்கன்சாஸில். ஆகஸ்ட் வெயிலில் பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் கோடு பிசகாமல் நடந்து நடந்தே நான்கு வருடம் ஓட்டிவிட்டாள். அதனால் கல்லூரிச் செலவு என்று பேச்செடுத்தாலே தெரிந்தவர்கள் சொல்வது, "பேண்ட்ல இருக்காளே, ஸ்காலர்ஷிப் வந்துடும், உங்களுக்கென்ன கவலை!"

வரும்தான். அதற்காக இசையை முதன்மைப் பாடமாக எடுக்க வேண்டும் என்றுகூட பெரும்பாலான இடங்களில் கட்டாயம் இல்லை, பொறியியல் படித்துக்கொண்டே வாசிக்கலாம். ஆனால் ஃபுட்பால் ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கிற முழுச்செலவு உதவி மனதில் இருந்தால் அதை அழித்துவிடுங்கள். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் பேண்ட் உதவித்தொகை பெரும்பாலும் ஆண்டுக்குச் சில நூறு டாலரிலிருந்து ஓரிரண்டாயிரம் வரைதான்.

சரி, 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரம் மூன்று ஒத்திகை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 14 வாரம்: 84 மணி. பேண்ட் வாசிக்க வேண்டிய ஃபுட்பால் ஆட்டம் சொந்த மைதானத்தில் ஏழு, ஒவ்வொன்றுக்கும் காலையிலிருந்து எட்டு மணி நேரம்: 56. வகுப்பு தொடங்கும் முன் ஒரு வாரம் பேண்ட் கேம்ப், அது ஒரு 50. மொத்தம் 190 மணி, ஆக மணிக்கு 5 டாலர் சொச்சம். எங்கள் மாநிலத்தில் குறைந்தபட்சக் கூலியே 11 டாலர். அதே 190 மணி நேரத்தை வொர்க்-ஸ்டடியில் (படிக்கும்போதே அரசு உதவியுடன் பார்க்கிற பகுதிநேர வேலை) நூலக மேசையில் உட்கார்ந்து கழித்தால் 2,090 டாலர் வரும், தோளில் வெயிலும் படாது. போதாததற்கு, வொர்க்-ஸ்டடி சம்பளத்தை ஃபாஃப்சா (அரசுக் கல்வி உதவிக்கான விண்ணப்பம்) கணக்கில் வருமானமாகச் சேர்ப்பதில்லை. ஆனால் அது குடும்பத்தின் பணத் தேவை அடிப்படையில் தருவது, எல்லாருக்கும் கிடைக்காது.

ஃபாஃப்சா விண்ணப்பத்தின் வழியாக வருகிற மற்றவை: குறைந்த வருமான வீடுகளுக்கான அரசு மானியமான பெல் கிராண்ட் 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர், திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் இரண்டு ஐடி சம்பளம் வருகிற வீட்டுக்கு அது எட்டாக்கனி. அரசுக் கடன் அப்படியில்லை, வருமானம் எவ்வளவு இருந்தாலும் கேட்கலாம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்கு முதலாண்டு 5,500, பிறகு 6,500, அதன் பின் ஆண்டுக்கு 7,500 டாலர். தேவை இருப்பவர்களுக்கு மட்டும் இதில் ஒரு பகுதிக்குப் படிக்கும் காலத்தில் வட்டியை அரசே ஏற்கிறது.

கூலிக் கணக்கில் பேண்ட் தோற்றது. ஆனால் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோகிற இடம் ஒன்று இருக்கிறது, பக்கத்து மாநிலமான டெக்சாஸ். அங்கே ஆண்டுக்குக் குறைந்தது 1,000 டாலர் போட்டி உதவித்தொகை பெறும் வெளிமாநில மாணவரிடம் அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமே வாங்க, அரசுப் பல்கலைக்கழகங்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. கட்டண வித்தியாசம் பல இடங்களில் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டும். ஆயிரத்துக்குப் பின்னால் பத்தாயிரம்! டெக்சாஸ் மாணவர்களும் போட்டியிட்ட உதவித்தொகையாக அது இருக்க வேண்டும், மொத்த மாணவர்களில் 5 சதவீதத்துக்கு மேல் இந்தச் சலுகை தரக்கூடாது, எந்தக் கல்லூரி பேண்ட் தொகையை இதில் சேர்க்கிறது என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் பேண்ட் இயக்குநரிடம் "எவ்வளவு தருவீர்கள்" என்பதற்கு முன் "கட்டணச் சலுகைக்குத் தகுதி வருமா" என்று கேளுங்கள்.

இன்னொரு உலகம் தெற்கில், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரிகள். சதர்ன் பல்கலைக்கழகத்தின் ஹியூமன் ஜூக்பாக்ஸ், ஜாக்சன் ஸ்டேட்டின் சோனிக் பூம், ஃப்ளோரிடா ஏ அண்ட் எம்மின் மார்ச்சிங் 100 என்று பெயர்களே ஊரை அதிர வைக்கும். டென்னசி ஸ்டேட்டின் பேண்ட் 2023இல் கிராமி விருதே வாங்கியது. இடைவேளையில் பேண்டைப் பார்ப்பதற்காகவே கூட்டம் வருகிற இடங்கள் என்பதால், நல்ல வாசிப்பாளருக்குக் கிடைக்கும் உதவியும் சாதாரணக் கல்லூரிகளைவிடப் பெரியதாக இருக்கும். உழைப்பும் அதற்கேற்ற மாதிரிதான், என் 190 மணிக் கணக்கு அங்கே செல்லாது. ஹார்வர்ட் உள்ளிட்ட எட்டுப் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களான ஐவி லீக் இதற்கு நேரெதிர்: பேண்ட் உண்டு, அதற்காக ஒரு பைசா கிடையாது, தேவை அடிப்படையில் மட்டுமே உதவி. ஆனால் அந்தத் தேவைக் கணக்கு தாராளமானது. 2025-26இலிருந்து ஹார்வர்டில் வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள வீடுகளுக்கு டியூஷன் கட்டணமே இல்லை. இடம் கிடைத்தால்!

இப்போது எரிச்சலான விஷயம். ஒரு கல்லூரியிலிருந்து (பெயர் வேண்டாம்) பேண்ட் உதவி 1,500 டாலர் என்று கடிதம் வந்தது. வீட்டில் கேசரி கிண்டினோம். இரண்டு வாரம் கழித்துத் திருத்திய கடிதம் வந்தது, கல்லூரி தன் கிராண்டில் தருவதாகச் சொன்ன தொகையில் சரியாக 1,500 குறைத்திருந்தார்கள். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிய காசு, அதற்கு என் பெண் 190 மணி நேரம் நடக்க வேண்டும். எல்லாக் கல்லூரியும் இப்படிச் செய்வதில்லை, சில இடங்களில் முதலில் கடனையோ வொர்க்-ஸ்டடியையோ குறைப்பார்கள்.

எச்4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தாருக்கானது) பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இந்த ஒப்பீடே மாறிவிடும். பெல், அரசுக் கடன், வொர்க்-ஸ்டடி மூன்றும் அவர்களுக்கு இல்லை. பேண்ட் உதவி கல்லூரியின் சொந்தப் பணம் என்பதால் பல இடங்களில் குடியுரிமை கேட்காமலே கிடைக்கும். அங்கே அந்த 5 டாலர் கூலியும் பெரிய தொகைதான்.

அப்புறம், வாத்தியம். கிளாரினெட்டுக்கும் புல்லாங்குழலுக்கும் எங்கும் கூட்டம். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுவாத்தியமான சூஸாஃபோன் தூக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஆறாம் வகுப்பில் வாத்தியம் தேர்ந்தெடுத்த நாளில் இதை யாராவது சொல்லியிருந்தால், ஐயோ அவ்வளவு கனமா என்று நானேதான் தடுத்திருப்பேன்.