நேரான பல்வரிசையில் ஒரு கடுகு

சென்ற வாரம் தட்டை கடித்தபோது கீழ்ப்பற்களின் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். தட்டை உடைந்த சத்தம் அல்ல என்று நாக்குக்கு உடனே தெரிந்துவிட்டது. கிளிப் கழற்றிய பிறகு பற்கள் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்க உள்பக்கம் ஒட்டிவைத்திருந்த மெல்லிய கம்பி, இடது கோரைப்பல்லில் பிடியை விட்டிருந்தது. 800 ரூபாய், 20 நிமிடம், திரும்ப ஒட்டியாகிவிட்டது. மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் டிபன் பாக்ஸை மூடிவிட்டுக் கேட்டார்: "அதை விடுங்கள் டீச்சர். எனக்கும் நாற்பத்தொன்று ஆகிறது. கிளிப் போடலாமா, வேண்டாமா?"

சட்டென்று சொல்ல வரவில்லை. அப்போது சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

கிளிப்பில் எத்தனை வகை, எது என்ன விலை என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். என் கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில், 43 வயதில், திருச்சியில் போட்டேன். 2023 ஜூலையில் கழற்றினேன். பல் நிறத்துச் செராமிக் வகை; 58,000 ரூபாய், தவணையில். மேலே தெத்துப்பல்லுக்கு இடம் வேண்டும் என்று இரு பக்கமும் ஒவ்வொரு நல்ல பல்லைப் பிடுங்கினார்கள். கீழே முன்பற்கள் நான்கும், பந்தியில் மூன்று நாற்காலிக்கு நான்கு பேர் உட்கார்ந்தது போல ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நின்றன. அங்கே பிடுங்கவில்லை, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே காகிதம் போன்ற ஓர் அரத்தை விட்டுக் கொஞ்சம் இழைத்தே இடம் உண்டாக்கினார் மருத்துவர். கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை வகையையும் காட்டினார். நாளுக்கு 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டுமாம். நாலு வேளை காபி குடிக்கிறவளுக்கு அது சரிப்படாது என்று அங்கேயே விட்டுவிட்டேன்.

ஈறில் ரத்தம் வருகிறது, நெருக்கமான பல்லில் பிரஷ் போகவில்லை, காறை படிகிறது, அதனால் போடுகிறேன் என்றுதான் வீட்டில் சொன்னேன். பாதி பொய். பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் மாதக்கணக்கில் இணைய வகுப்பு எடுத்தேன். திரையின் மூலையில் ஒரு கட்டத்துக்குள் நானே எனக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதுவரை என் பல்லை நான் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அம்மா மட்டும் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாள். "தெத்துப்பல் அதிர்ஷ்டமடி. காசு கொடுத்து அதை அழிக்கப் போகிறாயே" என்றாள். அந்த அதிர்ஷ்டம் 43 ஆண்டுகளில் என்ன செய்தது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

செப்டம்பர் 1ஆம் தேதி ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேல் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. எல்லோர் முகத்திலும் கவசம். அந்த ஓர் ஆண்டு இல்லாவிட்டால் எனக்குத் துணிவே வந்திருக்காது. ஆனால் கவசத்துக்குள் இன்னொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. கம்பியின் கடைசி நுனி வலப்பக்கக் கன்னத்தை உள்ளே கீறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் செய்யுள் நடத்தும்போது பேச முடியாமல் நின்றுவிட்டேன். வகுப்பு முடிந்ததும், மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், அதிகம் பேசாத ஒரு மாணவி வந்தாள். "தமிழம்மா, உங்களுக்கும் கம்பிதானே?" என்றாள். தன் கவசத்தை இறக்கிக் காட்டினாள். நீலநிற ரப்பர் வளையங்கள். பென்சில் பெட்டியிலிருந்து ஒரு குட்டி டப்பாவை எடுத்து, மெழுகில் மிளகளவு கிள்ளி, இரண்டு விரலுக்கு நடுவே உருட்டி, "முதலில் அந்த இடத்தை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் அம்மா. ஈரத்தில் ஒட்டாது" என்றாள். மருத்துவமனையிலும் அதே மெழுகைக் கொடுத்திருந்தார்கள், துடைக்கச் சொல்லவில்லை. இருபது ஆண்டு ஆசிரியர் வேலையில் ஒரு மாணவி எனக்கு வாயைத் திறக்கச் சொன்னது அன்றுதான். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் நானும் வராந்தாவில் எதிரெதிரே வந்தால் ஒரே கட்சிக்காரர்கள் போலத் தலையசைத்துக்கொள்வோம். இந்தச் சிகிச்சையில் நான் எதிர்பார்க்காத லாபம் இது. 58,000 ரூபாயில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

இன்னொன்று கம்பி. முதல் சில மாதங்கள் போடுவது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி. ஏவுகணையின் மூக்குக்கு உலோகம் தேடிய அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் உருவானது. நிட்டினால் என்ற அதன் பெயருக்குள்ளேயே அந்த ஆய்வகத்தின் முதலெழுத்துகள் ஒளிந்திருக்கின்றன. எப்படி வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். கோணலான பல்லோடு கட்டினால், தான் நேராகும்போது பல்லையும் இழுத்துக்கொண்டு வரும். எனக்குப் போட்டது சூட்டில் விறைத்துக் குளிரில் தளரும் வகை. காலையில் டபராவிலிருந்து சூடாக ஒரு வாய் காபி இறங்கினால், முன்பற்கள் அத்தனையையும் யாரோ ஒரே கயிற்றில் கட்டி இறுக்கியது போல இருக்கும். குளிர்ந்த தண்ணீர் கொப்பளித்தால் கயிறு தளரும். ஏவுகணைக்காரர்களின் உலோகம் என் காபியோடு சண்டை போடுகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வலி பற்றிக் கேட்பார்கள். கம்பி மாற்றிய மூன்று நாள் குழைந்த சாதம், பிறகு ஒன்றுமில்லை. மஞ்சள் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதைத்தான் கேட்க வேண்டும். செராமிக்கில் கறை பிடிப்பது குறைவு. அதைக் கம்பியோடு கட்டும் நிறமற்ற ரப்பர் வளையம் ஒரே ஒரு வேளை சாம்பாரில் மஞ்சளாகிவிடும். வெளியே தெரியக் கூடாது என்று மெட்டலைவிட அதிகப் பணம் கொடுத்துச் செராமிக் போட்டுவிட்டு, வாய் நிறைய மஞ்சள் பொட்டு வைத்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் மாதம் சாம்பல் நிற வளையம் கேட்டு வாங்கினேன். மஞ்சளை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவம் பார்ப்பவருக்கு நோயாளி என்ன சாப்பிடுவார் என்று தெரியாதா?

கழற்றிய நாளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறடால் ஒவ்வொன்றாக நெரிக்க, செராமிக் 'கறுக் கறுக்' என்று பெயர்ந்து வந்தது. பசையைச் சுரண்டி எடுத்தார்கள். நாக்கை மேல்வரிசையில் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. தெப்பக்குளத்துப் பாசிப் படியில் கால் வைத்தது போல. அன்று மாலை முழுவதும் வேறு வேலையே செய்யவில்லை, நாக்கை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்த மகிழ்ச்சியில் வெண்மையாக்கவும் சம்மதித்துவிட்டேன். இரவில் போடும் அச்சும் ஜெல்லும் கொடுத்தார்கள், இரண்டு வாரம். கறை தரும் உணவு கூடாது என்றார்கள். சாம்பார், ரசம், காபி, குழம்பு போனால் மிச்சம் இட்லி, தேங்காய்ச் சட்னி, தயிர்சாதம். பத்தியம் போலப் பதினான்கு நாள். பல் கூச்சம் தனி. பல் வெளுத்தது உண்மைதான். ஒரு வருடத்தில் காபி தன் சொத்தை மீட்டுக்கொண்டதும் உண்மைதான்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

கழற்றிய மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தால், கீழே நடு இரண்டு பற்களுக்கு இடையில், ஈறை ஒட்டி ஒரு கறுப்பு முக்கோணம். பக்கத்தில் இன்னும் சிறியதாக ஒன்று. பல் நுனியில் அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். அந்தக் குறுகிய இடத்தை நிரப்புவது ஈறின் கூர்முனை. நாற்பதைத் தாண்டிய வாயில் ஈறும் அடி எலும்பும் ஏற்கெனவே கொஞ்சம் இறங்கியிருக்கும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றவரை அது தெரியவில்லை. நேராக நிறுத்தியதும் திரை விலகிவிட்டது. பிறகு தேடிப் படித்தேன். டார்னோ என்ற அமெரிக்க ஈறு மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 1992இல் அளந்து சொல்லியிருக்கிறார்கள்: இரண்டு பற்கள் தொடும் புள்ளியிலிருந்து எலும்பு விளிம்பு வரை 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் ஈறு அநேகமாக எப்போதும் நிரப்பிவிடும். 6 என்றால் பாதி இடங்களுக்குக் கொஞ்சம் மேல் நிரம்பும். 7 என்றால் கால்வாசிதான். என் கீழ்வரிசை எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பேசும்போது அந்த முக்கோணம் யாருக்கும் தெரியாது, கீழுதடு மறைத்துவிடும். என் சண்டை அதோடு அல்ல, கடுகோடு. தாளித்த கடுகு ஒன்று அந்த இடத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலப் போய் உட்கார்கிறது. முருங்கைக்கீரையும் வரும், மாம்பழ நாரும் வரும்; அவை கொப்பளித்தால் போய்விடும். கடுகு போகாது. நாக்கால் தள்ளினால் ஆழமாக இறங்கும். குச்சியால் குத்தினால் பிளந்து ஒரு பாதி உள்ளே தங்கும். அதற்கென்றே விற்கும் குட்டி பிரஷை விட்டு, உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பு. அதற்குத்தான் மசிகிறது. என் பேனாப் பெட்டியில் இப்போது இரண்டு சிவப்புப் பேனா, ஒரு பிரஷ். சென்ற ஆண்டு பெற்றோர் கூட்டத்தில் ஒரு மாணவனின் தந்தை நான் பேசப் பேச என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் உச்சரிப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். அறைக்குத் திரும்பிக் கண்ணாடி பார்த்தேன். கீழ்ப்பல்லில் இல்லை. அன்று கடுகு ஒரு மாடி ஏறி மேல்வரிசைக்கே குடிவந்திருந்தது.

மருத்துவரிடம் சண்டைக்குப் போனேன். "முதலிலேயே சொன்னேனே அம்மா" என்றார். யோசித்துப் பார்த்தால் சொல்லியிருக்கிறார். அப்போது என் வாயில் கண்ணாடிக் கரண்டியும் உறிஞ்சுகுழாயும் இருந்தன. நான் 'ஆ' என்றேன். அவர் சரி என்று எடுத்துக்கொண்டார். கையெழுத்திட்ட தாளிலும் ஏழாவது வரியில் இருக்கிறது, ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். நியாயமாகப் பார்த்தால் அவர் மேல் குற்றமில்லை. இழைத்ததால்தான் முக்கோணம் இந்த அளவோடு நின்றது, இல்லாவிட்டால் இன்னும் பெரிதாக இருந்திருக்கும் என்றும் விளக்கினார். பல் நிறப் பசை வைத்து மூடலாம், ஒரு பல்லுக்கு 3,000 ரூபாய், ஆனால் நாளடைவில் அதுவும் கறை பிடிக்கும், ஈறோரம் சுத்தம் செய்வது இன்னும் சிரமம் என்று அவரே சொன்னார். இத்தனை நேர்மையான மனிதரிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் படுகிறேன்.

பற்கள் திரும்ப ஓடிவிடாமல் இரவில் மாட்டும் பிளாஸ்டிக் உறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது சாகும்வரை. சிகிச்சை இரண்டு வருடம் என்று எல்லோரும் சொல்வார்கள். காவல் ஆயுள் முழுவதும் என்பதைக் கடைசியில்தான் சொல்வார்கள். முதல் ஆறு மாதம் பகலிலும் போட்டிருந்தேன். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து ஒற்றப் பிறப்பவை என்று ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறவள், பிளாஸ்டிக்கை ஒற்றி அவற்றைப் பிறப்பித்துக்கொண்டிருந்தேன். சகரம் விசிலடித்தது. ழகரத்துக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. அது பல் பக்கமே போவதில்லை.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யப் போனால் கால் மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார்கள். என் அக்கா மகள் கல்யாணப் படத்தில் நான் பல் தெரியச் சிரித்திருக்கிறேன். அதற்கு முந்தைய இருபது ஆண்டுப் படங்களில் ஒன்றில்கூட அப்படி இல்லை. "முன்பும் நன்றாகத்தானே இருந்தது" என்கிறார் வீட்டுக்காரர். அதைப் பாராட்டில் சேர்ப்பதா, 58,000 ரூபாய்க்கான இரங்கலில் சேர்ப்பதா என்று இன்னும் தெரியவில்லை.

கணக்கு டீச்சரிடம் இன்று பதில் சொல்லிவிட்டேன்: வேண்டாம். மதியம் எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தேன், அதனால் வேறு பதில் வரவில்லை. அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு என் பேனாப் பெட்டியை எட்டிப் பார்த்து, "அந்த பிரஷ் எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். மருத்துவர் எண்ணையும் கேட்டார். கொடுத்தேன்.