மாவுக் கூடத்துக்கு எது சரி: ஹைப்போவா, குவாட்டா, பெரசெட்டிக்கா, வெந்நீரா?

பெங்களூர் காமாட்சிபாளையாவில் ஓர் இட்லி மாவுக் கூடம். முதலாளி திருநெல்வேலிக்காரர். ராத்திரி அரைத்து, விடியுமுன் கடைகளுக்கு வண்டி ஏற்றிவிடுவார். போன மழைக்காலத்தில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஹைப்போ, குவாட், பெரசெட்டிக் ஆசிட் என்று மூன்று கிருமிநாசினிக் கேன்கள் வரிசையாக நின்றன.

"சார், மூணு பேருமே தன் சரக்குதான் எல்லாக் கிருமியையும் கொல்லும்ங்கான். எதை வாங்கட்டும்?"

"எந்த அழுக்குக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் அந்தக் கேள்வி இல்லாமல் இந்த ஒப்பீட்டை ஆரம்பிக்க முடியாது. கிரைண்டரில் ஒட்டிய மாவு ஓர் அழுக்கு. தரையில் பையன் எடுத்த வாந்தி வேறு அழுக்கு. மழையில் எதிர்த்து ஏறி வந்த சாக்கடை மூன்றாவது.

எந்தக் கேனைத் திறப்பதற்கு முன்னாலும் கழுவல் முடிந்திருக்க வேண்டும். உளுந்தின் வழவழப்பும் அரிசி மாவும் காய்ந்தால் சிமெண்ட்தான். முதல் அலசலையே கொதிக்கும் நீரில் செய்தால் மாவு பாத்திரத்திலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசி, அப்புறம் சோப்புப் போட்டுத் தேய்த்து, சோப்பு போகக் கழுவி, அதற்கும் பிறகுதான் மருந்து. இந்த வரிசை தப்பினால் நாலு மருந்துமே தண்டம்.

ஹைப்போவில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் மருந்தில் தொடங்குகிறேன், மலிவு என்பதால். 10 சதவீத ஹைப்போ என்றால் ஒரு லட்சம் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு). பாத்திரத்துக்கும் மேசைக்கும் 200 பிபிஎம் போதும். அதாவது 10 லிட்டர் வாளிக்கு 20 மில்லி. பாக்டீரியா, வைரஸ் இரண்டையும் அடிக்கும், வேகமாகவும் அடிக்கும். ஆனால் குளோரினுக்கு அழுக்கு வேறு, கிருமி வேறு என்ற பாகுபாடு கிடையாது. மேசையில் மாவுப் படலம் இருந்தால் அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். கேனை வெயிலில் வைத்தால் வீரியம் இறங்கும். மாடிப்படி அடியில் மூன்று மாதம் கிடந்த கேனில் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். எவர்சில்வரில் அடர்த்தியாக ஊற்றி விட்டுவிட்டால் ஊசி குத்தினாற்போல் புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தப் பள்ளங்களில்தான் அப்புறம் கிருமி குடியிருக்கும். கடையில் வாசனை போட்டு விற்கிறார்களே, அந்த வீட்டு பிளீச் மாவுக் கூடத்துக்கு ஆகாது. கறுப்பு பெனாயிலும் உள்ளே வரக் கூடாது. பெனாயிலும் குளோரினும் சேர்ந்தால் எழும் மருந்து நெடி மாவில் ஏறினால் போகவே போகாது.

குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம் என்ற வகை மருந்து) கேன்தான் அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது. நெடியில்லை, கையை எரிக்காது, இரும்பை அரிக்காது. 50 சதவீத கேனில் இருந்து 10 லிட்டருக்கு 4 மில்லி எடுத்தால் 200 பிபிஎம். விற்க வந்தவர் இன்னொரு பெருமையும் சொல்லியிருந்தார்: காய்ந்த பிறகும் மேற்பரப்பில் படலமாக நின்று வேலை செய்யுமாம்.

நான் குவாட்டை வேண்டாம் என்றதற்கு அந்தப் பெருமைதான் காரணம். இட்லி மாவு புளிப்பதே பாக்டீரியாவால். அதில் முக்கியமான ஒன்று லூகோனாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ். அதுவும் அதன் கூட்டாளிகளும் அமிலத்தையும் வாயுவையும் உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கின்றன. மாவுக்குக் காவலும் அந்த அமிலம்தான். அரிசியோடு வருகிற பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. அது வாந்தியை உண்டாக்கும் நஞ்சைக் கக்கிவிட்டால், அந்த நஞ்சு இட்லிப் பானையின் ஆவிக்கெல்லாம் அசையாது. மாவு ஒழுங்காகப் புளித்தால் அந்தக் கிருமிக்குப் பெருக இடமில்லை. புளிக்காமல் மந்தமாக நின்றால் அதற்குக் கொண்டாட்டம். குவாட் மிச்சம் ஒட்டிய டப்பில் மாவை ஊற்றுவது, வாசலில் காவலுக்கு நிற்பவனையே அடித்துப் படுக்கப் போடுகிற வேலை. பால் பண்ணைகளில் இது பழைய பாடம். குவாட் மிச்சம் இருந்தால் தயிர் உறையாமல் மக்கர் பண்ணும்.

இன்னொரு சங்கடம் தண்ணீர். காவேரித் தண்ணீர் வராத நாளில் போர்வெல், அதுவும் இல்லாவிட்டால் டேங்கர் லாரி. கடின நீரில் குவாட்டின் பலம் குறையும். சோப்பு சரியாகப் போகாமல் மிச்சமிருந்தாலும் செத்துப்போகும். வாந்தியும் பேதியும் உண்டாக்கும் நோரோவைரஸ் மாதிரி, வெளியே கொழுப்புறை இல்லாத வைரஸ்களிடம் அதன் ஜம்பம் அவ்வளவாகச் செல்லாது.

பெரசெட்டிக் ஆசிட் மூன்றாவது கேன். விலை ஹைப்போவைவிடப் பல மடங்கு. 5 சதவீத கேனில் இருந்து லிட்டருக்கு 3 மில்லி எடுத்தால் 150 பிபிஎம். பச்சைத் தண்ணீரிலும் வேலை செய்யும், கடின நீரைக் கண்டு பயப்படாது, பிசுக்காகப் படிந்த கிருமிப் படலத்துக்குள்ளும் குவாட்டைவிட நன்றாக இறங்கும். வேலை முடிந்ததும் அசெட்டிக் ஆசிட், தண்ணீர், ஆக்சிஜன் என்று பிரிந்துபோகிறது. மாவைக் கெடுக்கப் படலம் எதுவும் நிற்பதில்லை. மாவு படுகிற எவர்சில்வருக்கு என் ஓட்டு இதற்குத்தான். தொல்லை இல்லாமல் இல்லை. கேனைத் திறந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் பையன்களைத் தொடவிடக் கூடாது. பித்தளைக் குழாயை அரிக்கும். மூடியில் வாயு வெளியேற ஓட்டை இருக்கும். ஒழுகுகிறதே என்று அதை டேப் ஒட்டி அடைத்தால் கேன் உப்பி வெடிக்கும். முக்கியமாக, ஹைப்போ கேன் பக்கத்தில் இதை வைக்கவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு.

வெந்நீர் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை, விற்க ஒன்றுமில்லை பாருங்கள். 77 டிகிரி நீரில் 30 விநாடி முங்கிக் கிடந்தால் கரண்டி, பிளேடு, பேக்கிங் மெஷின் மூக்கு, ரப்பர் வாசர் எல்லாம் முடிந்தது. கழற்ற முடிகிற சாமானுக்கு இதைவிட நல்லது கிடையாது. பெரிய கிரைண்டருக்கு ஊற்றினால் வேலைக்காகாது. பெங்களூர் ராத்திரிக் குளிரில் அந்த இரும்பும் கல்லும் சூட்டைக் குடித்துவிடும். அடைத்த அறையில் ஆவி அடித்தால் கூரையில் வேர்த்துச் சொட்டும், அங்கே பூஞ்சை பிடிக்கும்.

சரி, வாந்திக்கு வருவோம். அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டதற்கு உண்மையான காரணமே அதுதான். பேக்கிங் மேசை ஓரம் ஒரு பையன் வாந்தி எடுக்க, கூட இருந்தவன் ஓஸ் பைப்பைப் பிடித்து விசிறியடித்துக் கழுவிவிட்டான், நல்ல எண்ணத்தில்தான். நோரோவைரஸ் என்றால் பத்து இருபது துகள் உள்ளே போனாலே ஆளைப் படுக்க வைத்துவிடும். விசிறியடித்த தண்ணீர் அதைச் சுவர்வரை பரப்பியிருக்கும். இங்கே குவாட் தோற்கும், பெரசெட்டிக்குக்கு விலை தாளாது, ஹைப்போதான் ராஜா. வாந்தியைக் காகிதம் போட்டு மூடி, வாரியெடுத்துப் பைக்குள் பை போட்டுக் கட்டி, இடத்தைச் சோப்பால் கழுவி, 1000 முதல் 5000 பிபிஎம் ஹைப்போவைப் பத்து நிமிடம் நிற்கவிட வேண்டும். பாத்திரம் கழுவும் அளவைவிட அஞ்சு மடங்கிலிருந்து இருபத்தஞ்சு மடங்கு. சுற்றி 25 அடிக்குள் திறந்திருந்த மாவு குப்பைக்கு. அண்ணாச்சிக்கு வலித்தது அந்த இடம்தான், இரண்டு டப் போயிற்று. வாந்தி நின்று 48 மணி நேரம் ஆகும்வரை அந்தப் பையன் உள்ளே வரக் கூடாது. சம்பளத்தைப் பிடித்தால் அடுத்தவன் வியாதியை மறைப்பான் என்றும் சொல்லிவைத்தேன்.

சாக்கடை ஏறினால் வெளி ஆளைக் கூப்பிடலாமா என்று கேட்டார். தண்ணீரை உறிஞ்சி எடுக்க, அடைப்பை நீக்க, தாராளமாக. அவர்கள் கடைசியில் புகை மெஷினை வைத்து அறை முழுக்க மருந்து அடித்துவிட்டு பில் போடுவதற்கு மட்டும் ஏமாற வேண்டாம். தேய்க்காத அழுக்கின்மேல் புகை படிந்தால் அது மருந்து படிந்த அழுக்கு, அவ்வளவுதான். மாவு படும் இடத்தை நம் ஆட்கள் கையால்தான் தேய்க்க வேண்டும். உள்ளே இருக்கும் வடிகாலுக்குத் தனி பிரஷ், அது மேசைப் பக்கம் வரக் கூடாது, அங்கே பிரஷர் பைப்பும் கூடாது. 2017-18இல் தென் ஆப்பிரிக்காவில் ஒரு இறைச்சி ஆலையின் சரக்கால் பரவிய லிஸ்டீரியாவில் இருநூறு பேருக்குமேல் செத்தார்கள். ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும் அந்தக் கிருமிக்கு ஈரமான வடிகால் பிடித்த வீடு.

கடைசியில் அண்ணாச்சி இரண்டு கேன் வாங்கினார். பெரசெட்டிக் உள்ளே, பூட்டிய அலமாரியில். ஹைப்போ வெளியே நிழலில், தேதி எழுதி ஒட்டியபடி. ஒவ்வொன்றுக்கும் அதன் பிபிஎம் ஸ்ட்ரிப் (நனைத்தால் நிறம் மாறி அளவைக் காட்டும் காகிதத் துண்டு) டப்பா. குளோரின் ஸ்ட்ரிப்பை அன்றைக்கே பழைய ஹைப்போவில் கலந்த வாளியில் நனைத்துப் பார்த்தோம். 200 இருக்க வேண்டியது, 50க்கான நிறம்கூட வரவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. பையனைக் கூப்பிட்டு அந்தக் கேனை வெளியே தூக்கிப்போகச் சொன்னார். குவாட் கேன் இப்போது கழிப்பறைக் கதவருகே இருக்கிறது, கைப்பிடி துடைக்க.