மடியிலா, அலமாரியிலா, சிஸ்டரிடமா: ஆஸ்பத்திரியில் நகையும் போனும் எங்கே பத்திரம்?

பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரிடம் என்னென்ன இருக்கும் என்று பாருங்கள். ஒரு கட்டைப்பை, அதற்குள் ஸ்கேன் படங்களும் பழைய சீட்டுகளும். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு. அவசரத்துக்குப் புரட்டிய பணம். நோயாளியின் கழுத்திலும் காதிலும் இருந்து கழற்றிக் கொடுத்த நகை. ஒரு செல்போன். இத்தனையையும் வைத்துக்கொண்டுதான் அவர் மருந்து வாங்க ஓட வேண்டும், ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோக வேண்டும், குளிக்க வேண்டும், ராத்திரி வராந்தாவில் பாய் விரித்துக் கொஞ்சம் கண்ணயர வேண்டும். திருடனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் போதும்.

பறிகொடுத்தவருக்கு முதலில் கிடைப்பது, "நீங்கதான் ஜாக்கிரதையா இருந்திருக்கணும்" என்ற பேச்சு. ராத்திரி பகலாகத் தூங்காமல் கிடக்கும் ஒருவரிடம் ஜாக்கிரதையை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. அதனால் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் இங்கே எல்லா வழிகளையும் எடைபோடுகிறேன்: நாம் தூங்கிவிட்டால் இந்த வழி தாங்குமா?

நகை

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகுமுன் நகையைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்தும்போது உடம்பில் கிடக்கும் உலோகம் தோலைச் சுட்டுவிடலாம். கை வீங்கினால் மோதிரம் விரலை இறுக்கும். எம்ஆர்ஐ அறைக்குள்ளும் உலோகம் கூடாது. தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொண்டு பொன்னைக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கழற்றும் நேரம்தான் ஆபத்தானது. ஸ்ட்ரெச்சர் தியேட்டர் வாசலில் நிற்கும். கையெழுத்துப் போட வேண்டிய படிவம் ஒரு கையில் இருக்கும். "சீக்கிரம் குடுங்கம்மா" என்பார் சிஸ்டர். மகள் பதறிப்போய் அம்மாவின் தோட்டையும் மூக்குத்தியையும் ஒரு மருந்துச் சீட்டில் சுருட்டிக் கைப்பைக்குள் போடுவாள். திருகாணி ஒன்று தரையில் உருண்டிருக்கும். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால் ஒரு தோடு குறையும். திருடுபோனதா, விழுந்துவிட்டதா? யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில்காரர் மேல் சந்தேகம், வார்டைப் பெருக்கும் அம்மா மேல் சந்தேகம் என்று வீண் மனக்கசப்புத்தான் மிச்சம்.

சரி, நகையை எங்கே வைக்கலாம்? பெரும்பாலானவர்கள் செய்வது மடியில் கட்டிக்கொள்வது, அல்லது ஜாக்கெட்டுக்குள் சுருக்குப்பை. கட்டிலோரத்து இரும்பு அலமாரியைவிட இது எவ்வளவோ மேல். அந்த அலமாரிக்குப் பல வார்டுகளில் பூட்டே இருக்காது. பூட்டு இருந்தாலும் சாவி தலையணைக்கடியில்தான் கிடக்கும். ஆனால் மடியும் தூக்கத்தைத் தாங்காது. பிளேடு போடத் தெரிந்தவனுக்குத் தூங்குகிறவர் மடி ஒரு பொருட்டே இல்லை. சட்டமும் இங்கே கைகொடுக்காது. ரயிலில் இடுப்பு பெல்டில் ஒரு லட்சம் ரூபாயைக் கட்டிக்கொண்டு போய்ப் பறிகொடுத்த பயணி ஒருவருக்கு ரயில்வே பணத்தைத் தர வேண்டும் என்று நுகர்வோர் மன்றங்கள் சொல்லியிருந்தன. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தன் பொருளைத் தானே வைத்திருந்து பறிகொடுத்தால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்பது தீர்ப்பு. வார்டில் மடியில் வைத்திருந்ததைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியைக் கேட்கப் போனாலும் இதே பதில் வரத்தான் வாய்ப்பு அதிகம்.

கை மாற்றிக் கொடுத்துவிட்டால் நிலைமையே வேறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151, ஒருவர் பொருளைப் பாதுகாக்கப் பெற்றுக்கொண்டவர் அதைத் தன் சொந்தப் பொருளைப் போலக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. டெல்லி ஓட்டல் ஒன்றில், சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போன காரை வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டார். 'உரிமையாளர் பொறுப்பில்' என்று டோக்கனில் அச்சடித்திருந்தோமே என்றது ஓட்டல். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பெற்றுக்கொண்டவர்தான் தகுந்த கவனம் எடுத்ததைக் காட்ட வேண்டும், அச்சடித்த வரியைக் காட்டி அலட்சியத்துக்குத் தப்ப முடியாது என்றது. தனியார் மருத்துவமனை அட்மிஷன் படிவத்தில் இருக்கும் 'பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரியையும் இப்படித்தான் படிக்க வேண்டும். நீங்களே வைத்திருந்த பொருளுக்கு அந்த வரி செல்லும். ஐசியுவில் மயங்கிக் கிடப்பவர் கையிலிருந்து நர்ஸ் கழற்றி வாங்கி வைத்த வளையலுக்கு, அந்த வரி மட்டுமே பதிலாகிவிடாது.

ஆகவே சிஸ்டரிடம் நகை போகிறதென்றால், அல்லது சிஸ்டர் உங்களிடம் கொடுக்கிறார் என்றால், கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். 'தங்கச் செயின்' என்று எழுதுவதைவிட 'மஞ்சள் நிற உலோகச் செயின் ஒன்று, சிவப்புக் கல் தோடு ஒரு ஜோடி, திருகாணியுடன்' என்று எழுதுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. நர்ஸுக்கு அது தங்கமா, கவரிங்கா என்று தெரியாது. எழுதுமுன் உள்ளங்கையில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இதைக் கேட்டால் சிஸ்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்பட வேண்டாம். பொய்ப் பழியிலிருந்து அவரைக் காப்பதும் அந்தக் கையெழுத்துத்தான்.

இதில் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டணம் வாங்கும் இடத்தில் பொருள் தொலைந்தால் நுகர்வோர் ஆணையம் என்ற ஒரு கதவு இருக்கிறது. எல்லோருக்கும் இலவசமான ஆஸ்பத்திரியில் இருக்கும் ஏழைக்கு அந்தக் கதவு இல்லை. இழந்தால் தாங்க முடியாதவருக்கே பரிகாரம் குறைவு என்பது எனக்கு உறுத்துகிற விஷயம்.

இதையெல்லாம்விட நல்ல வழி, நகையை வார்டுக்குக் கொண்டுவராமலே இருப்பது. நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனுக்கு மூக்குத்தி உட்பட எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரலாம். திடீரென்று சேர்க்க நேர்ந்தால், முதலில் பார்க்க வரும் நெருங்கிய உறவிடம் அன்றைக்கே கொடுத்தனுப்புங்கள். 'தேவைப்பட்டால் அடகு வைக்கலாம்' என்று நகையைப் பையில் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு ஊரிலேயே, தெரிந்த வங்கியில் வைத்துவிட்டுப் பணத்தைக் கணக்கில் போட்டுக்கொண்டு வருவது பத்திரம். வட்டி போகும்தான். ஆனால் அடகில் இருக்கும் நகைக்கு ரசீது இருக்கிறது, பெட்டகம் இருக்கிறது. நாம் தூங்கினாலும் அது அங்கேயே இருக்கும்.

ரொக்கமா, யுபிஐயா

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, யுபிஐதான். ஆட்டோவுக்கும் டீக்கும் நூறு, இருநூறு சில்லறை இருந்தால் போதும். ரொக்கம் போனால் போனதுதான், போனைத் திருடியவனுக்கோ யுபிஐ பின் தெரியாது. ஒரே ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும்: டெபிட் கார்டைப் போன் உறைக்குள் செருகி வைப்பது. புது யுபிஐ பின் உருவாக்கப் பல வங்கிகளில் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும், போனுக்கு வரும் ஓடிபியும் போதும். போனும் கார்டும் சேர்ந்தே போனால் கணக்கின் சாவியையே எடுத்துக் கொடுத்த மாதிரி. கார்டு வேறு ஆளிடம் இருக்கட்டும். அதோடு சிம்முக்கும் பின் போட்டு வையுங்கள். இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டு ஓடிபி வாங்கிவிடலாம்.

போன்: பிளக்கிலா, பவர் பேங்கிலா

வார்டில் போன் காணாமல் போவதற்கு மிகத் தோதான இடம் சார்ஜ் போடும் பிளக். வராந்தா முழுவதற்கும் ஒன்றிரண்டு சுவிட்ச் போர்டு இருக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் அஞ்சாறு போன் தொங்கும், சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில். வந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு போகிறவரை யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள், தன் போனைத்தான் எடுக்கிறார் என்று நினைப்பார்கள். அதனால் பவர் பேங்க் ஒன்று இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். பிளக்கில் விட வேண்டியது அந்த பவர் பேங்கைத்தான். போனால் அது போகட்டும்.

பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டுப் பட்டன் போனோடு வரலாமா என்று கேட்பார்கள். திருட்டுக்கு நல்லதுதான், ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் இடைஞ்சல். பணம் அனுப்ப, ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் இன்னொரு டாக்டருக்குக் காட்ட, ரத்தம் வேண்டுமென்று குரூப்பில் போட ஸ்மார்ட்போன் வேண்டும். துணைக்கு இரண்டு பேர் மாறி மாறி இருந்தால், இருப்பவரிடம் பட்டன் போன், வந்து போகிறவரிடம் ஸ்மார்ட்போன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

அட்மிஷன் போடும் அன்றைக்கே *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போன் போய்விட்டால் முதலில் சிம்மை நிறுத்த வேண்டும், அப்புறம் வங்கியில் சொல்லி யுபிஐயை நிறுத்த வேண்டும். பணம் எடுக்கப்பட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். நாம் வங்கியில் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. அதனால் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐஎம்இஐயை முடக்கலாம். அதற்குப் போலீஸ் புகாரின் நகலும், அதே எண்ணில் வாங்கிய மாற்று சிம்முக்கு வரும் ஓடிபியும் தேவை.

அட்டை, சீட்டு, ஸ்கேன் படம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை நகை, பணம் இருக்கும் பையில் போடாதீர்கள். கைப்பையைத் திருடுகிறவன் காசை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பைத்தொட்டியில் வீசிவிடுவான், நோயாளியோ மறுபடி ஸ்கேனுக்கு வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் அன்றன்றைக்கே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவது போதும்.

ஆஸ்பத்திரியின் சாமான்கள்

காணாமல் போவது நோயாளியின் பொருள் மட்டுமல்ல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பிபி கருவி, ஸ்டெதாஸ்கோப், சக்கர நாற்காலி, குழாய், பெட்ஷீட் எல்லாம் போகிறது. ஷிஃப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்கையில் குறைந்தால் நர்ஸ் விளக்கம் எழுத வேண்டும். அதனால் அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். அது அவர்களைக் காப்பாற்றும். ஆனால் நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவருக்கு ஆக்சிமீட்டர் தேவைப்படும்போது சாவி எங்கே என்று தேட வேண்டிவரும். சாமானைப் பூட்டுவதில் ஆளைத் தொலைத்துவிடக் கூடாது.

பூட்டுக்கு மாற்றாக விலை உயர்ந்த வழி, ரேடியோ அலையால் பொருளை அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி பட்டை. சாதாரணப் பட்டை, வாசலில் இருக்கும் ரீடரைக் கடக்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும். எந்த அறையில் இருக்கிறது என்றும் தெரிய வேண்டுமானால் பேட்டரிப் பட்டையும், கட்டடம் முழுக்க ரீடர்களும் வேண்டும். வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் போன்றவற்றுக்கு அந்தச் செலவு தகும், பெட்ஷீட்டுக்குத் தகாது. பெட்ஷீட்டுக்குப் பெயர் அச்சடிப்பதே சரி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழங்கும் மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பதும் இதே உபாயம்தான். திருட்டைத் தடுக்காது, திருடியதை விற்க விடாது.

என் ஓட்டு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு மலிவான வழிக்கு. அவசர மருந்து டிராலிக்கு எண் பொறித்த பிளாஸ்டிக் சீல் போடுவார்கள். இழுத்தால் உடையும், சாவி வேண்டாம். உடைந்திருந்தால் யாரோ திறந்தார்கள் என்று தெரியும், எண்ணைப் பதிவேட்டில் பார்த்து அடுத்த ஷிஃப்ட் கேட்கும். ஆக்சிமீட்டர் வைக்கும் பெட்டிக்கும் இதையே செய்யலாம்.

கேமராவா, பாஸா

கேமரா நடந்ததைக் காட்டும். வார்டுக்குள், உடை மாற்றும் இடத்தில் அதை வைக்க முடியாது, வராந்தாவோடு சரி. பாஸ் முறை ஆளை வாசலிலேயே நிறுத்தும். 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்ட பிறகு, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் துணைக்கு இருப்பவர்கள் கையில் நிறப் பட்டை கட்டும் முறை வந்தது. டாக்டர்களின் பாதுகாப்புக்காக வந்ததென்றாலும், 'இந்த வார்டுக்காரர் இல்லையே இவர்' என்று பக்கத்துக் கட்டில்காரர்கூடக் கேட்க அது வழி செய்கிறது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பாஸுக்குச் செலவிடலாம்.

திருட்டு நடந்துவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டியவை இரண்டு. கண்காணிப்பாளர் அலுவலகத்தில், கேமரா பதிவை அழியாமல் எடுத்து வைக்கும்படி நேரத்தைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுங்கள். பழைய பதிவின் மேல் புதுப்பதிவு ஏறிவிடும். அடுத்தது போலீஸ் புகார். 'காணவில்லை' என்று எழுதச் சொன்னாலும் 'திருடுபோனது' என்றே எழுதி, பொருளின் மதிப்பையும் குறிப்பிட்டு, பில் இருந்தால் நகலை இணையுங்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த திருட்டு, மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றம். அதற்கு மேல் என்றால் பொதுவாக எஃப்ஐஆர் போட வேண்டும், புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பக் கூடாது. எஃப்ஐஆர் நகலை இலவசமாகத் தர வேண்டும். பிஎன்எஸ்எஸ் என்ற புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 173-இன்படி, சம்பவம் தங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று சொல்லி எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. எனவே நோயாளியை விட்டு நகர முடியாதவர், ஊரில் இருக்கும் உறவினர் மூலம் அங்குள்ள ஸ்டேஷனிலேயே புகாரைக் கொடுக்கலாம்.