குளோராபிரெப் 26 மிலி ஆரஞ்சு: காயவிடப் பொறுமை இருந்தால் வாங்கலாம்
குளோராபிரெப் என்பது அறுவைக்கு முன் தோலில் பூசும் கிருமிநாசினி; கிண்ணத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பஞ்சில் தோய்த்துத் தடவுவதைவிட இது எவ்வளவோ மேல். லீவரை அழுத்தினால் உள்ளே இருக்கும் குப்பி உடைந்து மருந்து ஸ்பாஞ்சுக்கு இறங்குகிறது, எதுவரை பூசினோம் என்று ஆரஞ்சு நிறமே காட்டிவிடுகிறது. ஆனால் இதில் 70 சதவீதம் எளிதில் தீப்பற்றும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தீப்பற்றும் மயக்க மருந்தான ஈதரின் காலம் போய்விட்டது, ஆபரேஷன் தியேட்டரில் இனி தீ பிடிக்காது என்று நினைப்பவர்கள் லேபிளைப் படியுங்கள்: முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம், முடி இருந்தால் 1 மணி நேரம் வரை காய வேண்டும், அதுவரை டிரேப் (நோயாளியை மூடும் அறுவைத் துணி) போடக்கூடாது, காட்டரியை (திசுவைச் சுடும் மின்கருவி) தொடக்கூடாது. சர்ஜன் அவசரப்படுத்தினாலும் நான் கடிகாரத்தைத்தான் காட்டுவேன். இடுப்புக்கு அடியில் வழிந்து துணி ஊறியிருந்தால் அதை உருவி எடுத்துவிடுங்கள், அப்புறம்தான் டிரேப். தலை, கழுத்து அறுவைக்கு மட்டும் இந்த 26 மிலி வேண்டாம், சின்ன அளவை வாங்குங்கள்.