தவளம் பாதைப் புதையல் என்று எனக்கு விற்கப்பட்ட மண்குடம்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற நான், என் சேமலாப நிதிப் பணத்தில் மூன்று இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாயைச் சென்ற ஆண்டு ஒரு மண்குடத்துக்குக் கொடுத்தேன். அதை எனக்கு விற்ற ஆட்கள் இப்போது இறம்பொடைப் பக்கத்தில் நடமாடுவதாகக் கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தேயிலை மலைக்கு மேலே காட்டோரமாக ஒரு பழைய தடம் போகிறது. கண்டி இராச்சியத்துக்குள் உப்பும் கருவாடும் சுமந்துவந்து, பாக்கும் மிளகும் ஏற்றிக்கொண்டு திரும்பிய தவளம் மாடுகள், அதாவது வணிகப் பொதிமாட்டுக் கூட்டங்கள், நடந்த பாதை அது என்று என் பாட்டனார் சொல்வார். கடவத்தைகள் எனும் எல்லைக் காவல் வாயில்களில் முட்படலை கட்டி ஆளையும் பொதியையும் சோதித்த காலத்துக் கதை. குடத்தை விற்க வந்தவர் இந்தக் கதையை என்னிடமிருந்தே கேட்டுவிட்டு, அதன்மேல் தம் கதையை ஏற்றினார். ஹங்குராங்கெத்தவில் அரச மாளிகை இருந்ததும், கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க 1815 பெப்ரவரி 18 அன்று பிடிபட்டதும் உண்மை. ஆனால் அதற்கு முன்னிரவில் பொன் ஏற்றிய மாடுகள் என் காய்கறித் தோட்டத்தின் வழியே போயின என்பது அவருடைய சேர்க்கை. உண்மை பாதியாகவும் பொய் பாதியாகவும் இருந்ததால்தான் நான் விழுந்தேன்.

முதலில் ஒரு சிறு பொற்றுண்டைக் கொடுத்து, "கணக்கப்பிள்ளை ஐயா, நீங்களே கொண்டுபோய் உரைத்துப் பாருங்கள்" என்றார். நகரத்துத் தட்டார் உரைகல்லில் தேய்த்து இருபத்திரண்டு கரட் என்றார். பிறகு உலோகம் தேடும் ஸ்கேனர் மெஷின் வந்தது. அது முதலில் கத்தியது என் பழைய கவ்வாத்துக் கத்தி புதைந்து கிடந்த இடத்தில். அப்போதே நான் சிரித்திருக்க வேண்டும். நள்ளிரவில் கறுப்புச் சேவலுடன் பைரவர் பூசை நடந்து, அலவாங்கு இறங்கிய மூன்றாவது அடியில் குடம் தட்டுப்பட்டது. அதை அவர்கள் முன்பே புதைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பின்னரே விளங்கியது. கூட வந்த இருவரின் பங்கை நானே வாங்கிக்கொள்ளலாம் என்றும், இருபத்தொரு நாள் கழியாமல் திறந்தால் உள்ளிருப்பது கரியாகிவிடும் என்றும் சொல்லி, பணத்தை எண்ணிக்கொண்டு போனார்கள். அந்த இருபத்தொரு நாள் எதற்கென்று சொல்லத் தேவையில்லை.

குடத்துக்குள் ஒரு சிலையும் பச்சைபிடித்த காசுகளும் இருந்தன. அறுநூறு கிராம் எடையுள்ள சிலையை என் மகள் பாடசாலை அளவுச் சாடியில் நீருக்குள் இறக்கியபோது, நீர் ஏறத்தாழ எழுபது மில்லிலீற்றர் உயர்ந்தது. சுத்தப் பொன்னாக இருந்தால் ஏறத்தாழ முப்பத்தொன்றுதான் உயர்ந்திருக்கும், அது பித்தளை. காசுகளைப் புளியிட்டுத் தேய்த்தேன். ஒரு பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை, மறுபக்கம் பனைமரம், அதனடியில் 1870. பிடிபட்டு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அச்சடித்த சதக்காசை மன்னர் எப்படிப் புதைத்தாரென்று கேட்க அப்போது அங்கே யாருமில்லை.

பொலிஸுக்குப் போக வாசல்வரை சென்று திரும்பினேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருளே தொல்பொருள். கண்டுபிடிக்கப்படாமல் மண்ணுக்குள் கிடப்பது அரசுக்குச் சொந்தம். அனுமதியின்றி அதைத் தேடித் தோண்டுவது குற்றம். ஆகவே அவர்களின் கதை மெய்யாக இருந்தால் நான் குற்றவாளி, பொய்யாக இருந்தால் ஏமாளி. முறைப்பாடு செய்ய வாய் திறந்தால் முதலில் என் குழியைத்தான் காட்ட வேண்டும் என்பதை அவர்கள் நன்றாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு சட்டத்தரணியை அழைத்துக்கொண்டு போய் முறைப்பாட்டை எழுதிக் கொடுத்தேன்; பணம் இன்னும் வரவில்லை.

வருபவர் நடுத்தர வயதினர், தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசுவார், உங்கள் பாட்டனாரின் கதையை மிகப் பொறுமையாகக் கேட்பார். அவர் முதலில் தரும் துண்டு உண்மையான பொன்தான். குடத்திலிருந்து நீங்களே கையை விட்டு எடுத்த பொருளை அன்றே உரைத்துப் பார்க்க விடுகிறாரா என்று கேளுங்கள்.